பெர்ரி பழங்களும் குடல் நுண்ணுயிரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்ரி பழங்கள் உடலுக்கு நல்லவை என்பதைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த நன்மையில் ஒரு பகுதி பழத்தால் மட்டும் விளைவதன்று. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களும் பழமும் சேர்ந்து உண்டாக்குவது. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளில்தான் இது தெளிவாகத் தெரியவந்தது. ஒரே பழம் ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் பயன்படுவது ஏன், பழத்தின் இடத்தில் மாத்திரையை வைக்க முடியுமா, நீரிழிவு உள்ளவர்கள் எதை நம்பலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

பெர்ரி பழங்களில் உள்ள எந்தச் சேர்மங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி, கிரான்பெர்ரி, பிளாக்கரன்ட் ஆகிய பழங்கள் எல்லாவற்றிலும் பாலிபீனால்கள் எனப்படும் தாவரச் சேர்மங்கள் நிறைந்துள்ளன. பூஞ்சை, பூச்சி, கடும் வெயில் ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும், விதையைப் பரப்பும் பறவைகளையும் விலங்குகளையும் நிறத்தால் ஈர்க்கவும் செடி இவற்றை உருவாக்குகிறது. பழத்துக்குச் சிவப்பு, நீலம், ஊதா நிறங்களைத் தருபவை ஆந்தோசயனின்கள். கிரான்பெர்ரியைக் கடித்ததும் நாவில் உணரும் துவர்ப்புக்குப் புரோஆந்தோசயனிடின்கள் காரணம். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி ஆகிய மூன்றிலும் எல்லாஜிடானின் என்ற மூன்றாவது வகையும் கணிசமாக இருக்கிறது. ப்ளூபெர்ரியில் அது பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. ஆகவே, பெர்ரி பழங்கள் அனைத்தையும் ஒரே பொருளாகக் கருதிப் பேசுவது சரியன்று.

அளவிலும் வேறுபாடு பெரிது. 100 கிராம் ப்ளூபெர்ரியில் ஏறத்தாழ 160 மில்லிகிராம் ஆந்தோசயனின் இருந்தால், அதே எடையுள்ள ஸ்ட்ராபெர்ரியில் 30 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். பழத்தின் இனம், பழுத்த நிலை, விளைந்த மண், பெற்ற வெயில் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கூடும், குறையும்.

இந்தச் சேர்மங்கள் சாப்பிட்டவுடன் இரத்தத்தில் கலந்துவிடுகின்றனவா?

மிகச் சிறிய பகுதிதான் அப்படிக் கலக்கிறது. பொதுவாக உணவிலுள்ள பாலிபீனால்களில் 5 முதல் 10 விழுக்காடு வரையே சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது என்றும், எஞ்சியது பெருங்குடலைச் சென்றடைகிறது என்றும் மதிப்பிடப்படுகிறது. இவற்றின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றில் பலவும் சர்க்கரையோடு பிணைந்திருப்பவை. புரோஆந்தோசயனிடின்களோ சங்கிலி போல நீண்டவை. சிறுகுடலின் சுவர் வழியே இவை எளிதில் நுழைவதில்லை.

நீண்ட காலமாக இது ஒரு புதிராகவே இருந்தது. ஆந்தோசயனின் நிறைந்த உணவை உண்பவர்களுக்கு நன்மை இருப்பதாக ஆய்வுகள் காட்டின. ஆனால் அவர்களின் இரத்தத்தைச் சோதித்தால் ஆந்தோசயனின் கிட்டத்தட்ட தென்படவே இல்லை. உண்டதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே உடலில் சேர்கிறது என்று அப்போது கருதப்பட்டது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கணக்கைத் திருத்தியது. கார்பன்-13 என்ற கதிரியக்கமற்ற ஐசோடோப்பால் அடையாளமிடப்பட்ட சயனிடின் குளுக்கோசைடு என்ற ஆந்தோசயனினில் 500 மில்லிகிராமை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, அந்த அடையாளம் எங்கெல்லாம் வெளிப்படுகிறது என்று இரத்தம், சிறுநீர், மலம், வெளிமூச்சு ஆகியவற்றில் 48 மணி நேரம் தேடினார்கள். உட்கொண்டதில் சுமார் 12 விழுக்காடு சிறுநீரிலும் மூச்சிலுமாக வெளிப்பட்டது. அதாவது அந்த அளவாவது உடலுக்குள் போய்வந்திருக்கிறது. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி ஆந்தோசயனின் வடிவில் இல்லை. அது சிதைந்து உண்டான சிறு பீனாலிக் அமிலங்களாகவும் அவற்றின் வழிப்பொருள்களாகவும் இருந்தது. முந்தைய ஆய்வுகள் தேடியது முழு மூலக்கூறை. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவை அதன் துண்டுகள்.

அந்தத் துண்டுகளை உண்டாக்குவது யார்?

ஒரு பகுதி தானாகவே உண்டாகிறது, ஏனெனில் ஆந்தோசயனின் இரைப்பையின் அமிலத்தில்தான் நிலையாக இருக்கும். அமிலம் குறைந்த குடற்பகுதிக்கு வந்ததும் அதன் நிறமும் கட்டமைப்பும் குலையத் தொடங்கும். எஞ்சிய வேலை பாக்டீரியாக்களுடையது. முதலில் பீட்டா-குளுக்கோசிடேஸ் போன்ற நொதிகளால் அவை சர்க்கரைப் பகுதியை வெட்டி எடுத்துத் தமக்கு ஆற்றலாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. பிறகு எஞ்சிய வளையங்களைப் பிளக்கின்றன. சயனிடினிலிருந்து புரோட்டோகேட்டிக்யூயிக் அமிலமும், டெல்ஃபினிடினிலிருந்து காலிக் அமிலமும், மால்விடினிலிருந்து சிரிஞ்சிக் அமிலமும் கிடைக்கின்றன. இவை குடற்சுவர் வழியே எளிதில் நுழைந்து கல்லீரலை அடைந்து, அங்கே மேலும் மாற்றப்பட்டு இரத்தத்தில் சுற்றுகின்றன. இந்த வழிப்பொருள்களில் பல, பழத்தை உண்டு ஒரு நாள் கடந்த பின்னும் உடலில் இருக்கின்றன. மூல ஆந்தோசயனினோ சில மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது.

பெர்ரியின் விளைவைப் புரிந்துகொள்ள இந்தக் கால வேறுபாடு மிக முக்கியமானது என்று கருதுகிறேன். உண்ட மறுகணமே ஏதோ நடந்துவிடுவதாக எழுதப்படும் கட்டுரைகள் இதைக் கவனிப்பதில்லை.

யூரோலித்தின் என்ற பெயரை அடிக்கடி கேட்கிறோம். அது என்ன? எல்லாருடைய உடலிலும் அது உண்டாகுமா?

பெர்ரியும் பாக்டீரியாவும் சேர்ந்து செயல்படுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஸ்ட்ராபெர்ரியிலும் ராஸ்பெர்ரியிலும் உள்ள எல்லாஜிடானின் செரிமானத்தின்போது உடைந்து எல்லாஜிக் அமிலமாகிறது. அந்த அமிலம் உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். ஆனால் கார்டோனிபாக்டர் என்ற பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களும் வேறு சிலவும் அதைப் படிப்படியாக மாற்றி யூரோலித்தின்கள் என்ற புதிய சேர்மங்களாக ஆக்குகின்றன. யூரோலித்தின் எந்தப் பழத்திலும் இல்லை. மனித உயிரணுக்களாலும் அதை உருவாக்க முடியாது. குடலில் அதற்குரிய பாக்டீரியா இருந்தால்தான் அது உண்டாகும்.

அந்தப் பாக்டீரியாக்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஸ்பெயினின் முர்சியா நகர ஆய்வாளர்கள் மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: யூரோலித்தின்-ஏ என்ற வகையை மட்டும் இறுதிப் பொருளாக உண்டாக்குபவர்கள், அதனுடன் யூரோலித்தின்-பி, ஐசோயூரோலித்தின்-ஏ ஆகியவற்றையும் உண்டாக்குபவர்கள், இறுதி வடிவ யூரோலித்தின் எதையும் உண்டாக்காதவர்கள். 5 முதல் 90 வயது வரையுள்ள 839 பேரைச் சோதித்த அவர்களது ஆய்வில், எதையும் உண்டாக்காதவர்கள் எல்லா வயதிலும் சுமார் பத்தில் ஒருவராக இருந்தார்கள். முதல் வகையினரின் பங்கு வயது ஏற ஏறக் குறைந்து, இரண்டாம் வகையினரின் பங்கு கூடியது. ஒரே கிண்ணத்து ராஸ்பெர்ரியை இருவர் பகிர்ந்து உண்டாலும், ஒருவரின் இரத்தத்தில் யூரோலித்தின் இருக்கும், மற்றவரின் இரத்தத்தில் இருக்காது.

யூரோலித்தின்-ஏ மீது ஆர்வம் பெருகியதற்குக் காரணம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவுகள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதடைந்தவற்றை அகற்றும் பணியை அது தூண்டுவதாகவும், நுண்புழுக்களின் ஆயுளை நீட்டிப்பதாகவும், எலிகளின் உடலுழைப்புத் திறனைக் கூட்டுவதாகவும் அவர்கள் கண்டார்கள். புழுவின் ஆயுள் நீண்டது என்பதிலிருந்து மனிதர்களின் ஆயுளுக்குத் தாவும் விளம்பரங்களை ஏற்க வேண்டாம்.

பாக்டீரியாக்கள் பழத்தை மாற்றுகின்றன, சரி. பழம் பாக்டீரியாக்களை மாற்றுகிறதா?

மாற்றுகிறது. இத்தாலியின் மிலான் நகரில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், 20 ஆண்கள் ஆறு வாரங்களுக்கு நாள்தோறும் 25 கிராம் காட்டு ப்ளூபெர்ரித் தூள் கலந்த பானத்தை அருந்தினார்கள். அவர்களின் குடலில் நன்மை தரும் வகையாகக் கருதப்படும் பிஃபிடோபாக்டீரியாக்களின் அளவு உயர்ந்தது.

இன்னும் அதிகமாகப் பேசப்படுவது அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற பாக்டீரியா. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2004இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது, குடலின் உட்சுவரை மூடியிருக்கும் கோழைப் படலத்தை உண்டு அங்கேயே வாழ்கிறது. படலத்தைத் தின்னும் உயிரி கெடுதல் செய்யும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது அந்தப் படலத்தைப் புதுப்பிக்கவும் தடிக்கவும் தூண்டுவதாக எலிகளில் தெரியவந்தது. உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் உள்ளவர்களிடம் இது பொதுவாகக் குறைந்தே காணப்படுகிறது.

கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி உண்ட எலிகளுக்குக் கிரான்பெர்ரிச் சாரத்தை எட்டு வாரம் கொடுத்தபோது அவற்றின் குடலில் அக்கர்மான்சியா வெகுவாகப் பெருகியது. அதே தீனியை உண்டும் அவற்றின் எடை குறைவாகவே கூடியது. கல்லீரலில் கொழுப்புச் சேர்வது குறைந்தது. இன்சுலினுக்கு உடல் காட்டும் பதில் மேம்பட்டது.

பாலிபீனால் இந்தப் பாக்டீரியாவை எப்படி வளர்க்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. பாலிபீனால்களைத் தாங்க முடியாத பிற பாக்டீரியாக்கள் குறைவதால் இதற்கு இடம் கிடைக்கலாம். குடலில் ஆக்சிஜன் குறைவதால் இதற்கு ஏற்ற சூழல் உருவாகலாம். கோழை கூடுதலாகச் சுரப்பதால் இதற்கு உணவு பெருகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கும் தடை இல்லை.

எலியில் கண்டது மனிதர்களுக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. எலிகளுக்குக் கொடுக்கப்படும் சாரத்தின் அளவு, உடல் எடையோடு ஒப்பிட்டால், மனிதர்கள் பழமாக உண்ணும் அளவைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆய்வு எலிகள் மரபணுவிலும் உணவிலும் ஒன்றுபோல வளர்க்கப்படுபவை. மனிதர்கள் இரண்டிலும் வேறுபடுபவர்கள். இருந்தாலும், எலி ஆய்வுகளைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் எது காரணம், எது விளைவு என்பதை அங்கேதான் பிரித்துப் பார்க்க முடிகிறது.

அக்கர்மான்சியாவைப் பொறுத்தவரை மனிதர்களிடமும் ஒரு முதற்கட்டச் சோதனை நடந்துள்ளது. பெல்ஜியத்தில் நடந்து 2019இல் வெளியான அந்தச் சோதனையில், அதிக எடையும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரிவரப் பதில் தராத நிலை) உள்ள 32 பேர் மூன்று மாதம் பங்கேற்றார்கள். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த அக்கர்மான்சியாவை உட்கொண்டவர்களுக்கு, போலி மருந்து உட்கொண்டவர்களைவிட இன்சுலின் உணர்திறன் மேம்பட்டிருந்தது. இது பாக்டீரியாவை நேரடியாகக் கொடுத்துச் செய்த சோதனை. பெர்ரி உண்டால் இதே பலன் கிட்டும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

குடலில் நடப்பது இரத்தச் சர்க்கரையை எப்படிப் பாதிக்கும்?

மூன்று வழிகளை அறிந்துகொள்வது போதும். முதலாவது, குடற்சுவரின் காவல். சில பாக்டீரியாக்களின் புறச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சுப்பொருள் உண்டு. கொழுப்பு மிகுந்த உணவால் குடற்சுவரின் இறுக்கம் தளரும்போது அது சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகிறது. காய்ச்சலாகவோ வலியாகவோ வெளிப்படாத, ஆனால் நீங்காத ஒரு மெல்லிய அழற்சி அதனால் உண்டாகிறது. 2007இல் எலிகளில் விளக்கப்பட்ட இந்த அழற்சி, இன்சுலினின் ஆணைக்குக் கல்லீரலும் தசையும் கொழுப்புத் திசுவும் சரிவரப் பணியாமல் போவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கோழைப் படலமும் குடற்சுவரின் இணைப்புகளும் உறுதியாக இருந்தால் இந்தக் கசிவு குறையும்.

இரண்டாவது, பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற இம்மூன்றில் பியூட்டிரேட், பெருங்குடற்சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். இவை குடலிலிருந்து ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரப்பதையும் தூண்டுகின்றன. இன்சுலின் சுரப்பதற்குத் துணைபுரிந்து பசியையும் தணிக்கும் ஹார்மோன் அது. பெர்ரியில் நார்ச்சத்தும் பாலிபீனாலும் ஒன்றாகவே வருகின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழிக்குப் பாக்டீரியா தேவையில்லை. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைக்கும் ஆல்ஃபா-அமைலேஸ், ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் என்ற நொதிகளின் வேகத்தைப் பாலிபீனால்கள் சிறுகுடலிலேயே மட்டுப்படுத்துகின்றன. அதனால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் ஓரளவு தணிகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் எதை நிறுவியுள்ளன?

நம்பிக்கை தரும் முடிவுகளும் உள்ளன, எதிர்பார்ப்புக்கு மாறான முடிவுகளும் உள்ளன. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் இருந்த, ஆனால் நீரிழிவு இல்லாத 32 பேர் ஆறு வாரம் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 45 கிராம் உறைநிலையில் உலர்த்திய ப்ளூபெர்ரித் தூள் கலந்த பானமும், மறு பிரிவினருக்கு ப்ளூபெர்ரி இல்லாத அதே போன்ற பானமும் கொடுக்கப்பட்டன. ப்ளூபெர்ரி உண்டவர்களின் இன்சுலின் உணர்திறன் கூடியது. எடையிலோ அழற்சிக் குறியீடுகளிலோ மாற்றம் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நாரிச் ஆய்வாளர்கள் இன்னும் நீண்ட சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். வளர்சிதை மாற்றக் கோளாறு (வயிற்றுப் பருமன், உயர் இரத்த அழுத்தம், கூடிய இரத்தச் சர்க்கரை போன்றவை சேர்ந்திருக்கும் நிலை) உள்ள 115 பேர் அதில் ஆறு மாதம் பங்கேற்றார்கள். நாளொன்றுக்கு ஒரு கோப்பை, அதாவது 150 கிராம் பழத்துக்கு இணையான ப்ளூபெர்ரியை உண்டவர்களின் இரத்தக் குழாய்கள் விரியும் திறன் மேம்பட்டது, குழாய்களின் விறைப்புக் குறைந்தது. அரைக் கோப்பை உண்டவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. இன்சுலின் எதிர்ப்போ இரு பிரிவினரிடமும் மாறவில்லை. முதல் ஆய்வைப் போலவே இதுவும் கவனமாக நடத்தப்பட்டது. காலம் நீண்டது, பங்கேற்றவர்களும் அதிகம். ஆகவே, ப்ளூபெர்ரி இன்சுலின் எதிர்ப்பை நீக்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கு இப்போது இடமில்லை. இரத்தக் குழாய்களுக்கு நன்மை செய்யும் என்பதற்கு ஆதாரம் வலுவாக உள்ளது.

பெருந்தொகையானவர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் 1,87,000க்கும் மேற்பட்ட மருத்துவத் துறைப் பணியாளர்களின் தகவல்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறை ப்ளூபெர்ரி உண்பது இரண்டாம் வகை நீரிழிவின் அபாயம் 26 விழுக்காடு குறைவாக இருப்பதோடு தொடர்புற்றிருந்தது. அதே ஆய்வில் பழச்சாறு அருந்துவது அபாயம் சற்றுக் கூடுவதோடு தொடர்புற்றிருந்தது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே அன்றி, காரணத்தை நிறுவுவதில்லை. ப்ளூபெர்ரி உண்பவர்கள் பொதுவாக உடற்பயிற்சி செய்பவர்களாகவும் புகைபிடிக்காதவர்களாகவும் இருக்கக்கூடும். கணக்கீட்டில் அந்த வேறுபாடுகள் சரிசெய்யப்படுகின்றன என்றாலும் முழுமையாக நீங்குவதில்லை.

இந்த நன்மையில் பாக்டீரியாக்களின் பங்கு எவ்வளவு என்று யாராவது அளந்திருக்கிறார்களா?

ஜெர்மனியில் 904 பேரின் உணவுப் பழக்கம், குடல் நுண்ணுயிரிகள், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு அதற்கு முயன்றது. நாளொன்றுக்கு ஒரு வேளைக்குப் பரிமாறும் அளவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெர்ரி உண்பவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 4.1 மில்லிமீட்டர் (பாதரச அளவில்) குறைவாக இருந்தது. அந்தத் தொடர்பில் சுமார் 12 விழுக்காட்டைக் குடல் நுண்ணுயிரிகளின் வேறுபாட்டால் விளக்க முடிந்தது. அளவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஒரு முறை எடுத்த மல மாதிரியைக் கொண்டு இவ்வளவு தெரியவருகிறது என்பதே கவனிக்கத் தக்கது.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தவை என்பதால்தான் பெர்ரிகள் நல்லவை என்று சொல்கிறார்களே?

அந்த விளக்கம் பழையது. சோதனைக் குழாயில் ஓர் உணவு எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளந்து தரவரிசைப்படுத்தும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அத்தகைய பட்டியலை வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012இல் அதைத் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. சோதனைக் குழாயில் கிடைக்கும் மதிப்பு, உடலுக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை என்பதும், விற்பனையாளர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். முழு மூலக்கூறு இரத்தத்தை மிகக் குறைவாகவே அடைகிறது என்பதை மேலே பார்த்தோம். அப்படியிருக்க, அது நேரடியாக உடல் முழுவதும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பது பொருந்தாது.

முழுப் பழம், சாறு, மாத்திரை ஆகியவற்றில் எது நல்லது?

முழுப் பழம். சாறு பிழிந்து வடிகட்டும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதியும், தோலிலும் விதையிலும் உள்ள பாலிபீனால்களின் ஒரு பகுதியும் சக்கையோடு போய்விடுகின்றன. சர்க்கரை மட்டும் முழுவதுமாகச் சாற்றில் தங்கிவிடுகிறது. கிரான்பெர்ரிச் சாறு மிகவும் புளிப்பானது என்பதால் கடைகளில் கிடைப்பவற்றில் சர்க்கரை தாராளமாகச் சேர்க்கப்படுகிறது.

மாத்திரைகளில் பாலிபீனால் செறிவாக இருக்கலாம். ஆனால் அவற்றில் நார்ச்சத்து இருப்பதில்லை. பல நாடுகளில் அவை மருந்துக்குரிய கட்டுப்பாடுகள் இன்றியே விற்கப்படுவதால் உறையில் அச்சிட்ட அளவு உள்ளே இருக்கிறதா என்பதற்கு உறுதியும் இல்லை. ஜாமில் சூடும், பிறகு நாள்கணக்கில் வைத்திருப்பதும் ஆந்தோசயனினைச் சிதைக்கின்றன. சேர்க்கும் சர்க்கரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உறையவைத்த பழங்களில் சத்து குறைந்துவிடுமா?

குறிப்பிடத் தக்க அளவில் குறைவதில்லை. பறித்தவுடன் உறையவைக்கப்படும் பழம், பல நாள் பயணம் செய்து வரும் புதுப் பழத்துக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. உருகும்போது வடியும் நிறமுள்ள நீரிலும் ஆந்தோசயனின் இருப்பதால் அதைக் கொட்டாமல் சேர்த்து உண்பது நல்லது.

நாளொன்றுக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

ஆந்தோசயனினுக்கோ பிற பாலிபீனால்களுக்கோ வைட்டமின்களுக்கு இருப்பது போன்ற பரிந்துரை அளவு வகுக்கப்படவில்லை. மேலே சொன்ன ஆறு மாதச் சோதனையில் பலன் தெரிந்த அளவு 150 கிராம். அன்றாடம் அவ்வளவு உண்ண இயலாதவர்கள் வாரத்தில் சில நாள்கள் ஒரு கைப்பிடி உண்பதும் வீணன்று. ஒரே வகையை நிறைய உண்பதைவிட வெவ்வேறு பெர்ரிகளை மாற்றி மாற்றி உண்பதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ப்ளூபெர்ரி தரும் சேர்மங்களும் ராஸ்பெர்ரி தரும் சேர்மங்களும் வெவ்வேறு பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேர்கின்றன.

நீரிழிவு உள்ளவர்கள் பெர்ரி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். 100 கிராம் ராஸ்பெர்ரியில் சர்க்கரை 4.4 கிராம், நார்ச்சத்து 6.5 கிராம். ஸ்ட்ராபெர்ரியில் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், நார்ச்சத்து 2 கிராம். ப்ளூபெர்ரியில் சர்க்கரை 10 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம். உண்ணும் அளவை அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை சேர்த்து உலர்த்திய கிரான்பெர்ரியைப் பழம் என்று எண்ணி உண்ண வேண்டாம். அதன் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரையாக இருப்பது வழக்கம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெர்ரி உண்ணத் தொடங்கிவிட்டதால் மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ தாமாகவே குறைப்பதும் நிறுத்துவதும் ஆபத்தானவை. மேலே சொன்ன எந்த ஆய்வும் பழத்தை மருந்துக்கு மாற்றாக வைத்துச் சோதிக்கவில்லை.

பெர்ரி சாப்பிட்டால் உடல் எடை குறையுமா?

அதனால் மட்டும் குறையாது. அதிகக் கலோரியுள்ள இனிப்பின் இடத்தில் பெர்ரியை வைத்தால் எடை குறைய வாய்ப்புண்டு. இருக்கும் உணவோடு கூடுதலாக வைத்தால் வாய்ப்பில்லை.

கிரான்பெர்ரி சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் என்பது உண்மையா?

மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடி வரும் அபாயத்தைக் குறைக்கிறது என்று, 50 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வு முடிவு செய்தது; அபாயக் குறைவு சுமார் நான்கில் ஒரு பங்கு. கிரான்பெர்ரியில் உள்ள ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின்கள், ஈ.கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பதாக நெடுங்காலமாக விளக்கப்படுகிறது. இது தடுப்புக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றுக்குக் கிரான்பெர்ரி சிகிச்சை ஆகாது. எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவர்கள் கிரான்பெர்ரியை அதிக அளவில் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் உண்டாகும் இயல்புள்ளவர்கள் கிரான்பெர்ரி மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. பாலிபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைப்பதால், இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை உட்கொள்பவர்கள் அதையும் பாலிபீனால் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. நார்ச்சத்து மிகுந்த உணவுக்குப் பழகாதவர்களுக்குத் தொடக்கத்தில் வயிறு உப்பலாம். சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது தணியும்.

சில வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் மாற்றங்கள் நீடிக்குமா?

நீடிப்பதில்லை. குடல் நுண்ணுயிரிகள் உணவுக்கேற்ப மிக விரைவில் மாறுபவை. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் முழுக்க விலங்குணவுக்கோ முழுக்கத் தாவர உணவுக்கோ ஐந்து நாள் மாறியபோது, விலங்குணவு உண்டவர்களின் பாக்டீரியாக் கூட்டம் ஒரு நாளுக்குள்ளேயே மாறத் தொடங்கியது. பழைய உணவுக்குத் திரும்பிய பிறகு சுமார் இரண்டே நாளில் அது பழைய நிலைக்கு மீண்டது. பெர்ரியின் வழிப்பொருள்களும் உண்ட ஓரிரு நாள்களில் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன. ஆகவே, பருவம் முடிந்து புதுப் பழம் கிடைக்காத மாதங்களில் இடைவெளி விழாமல் இருக்க வேண்டுமானால், உறையவைத்த பழத்தைத் தொடர்வதே நடைமுறைக்கு ஏற்றது.